அத்தியாயம் 4: கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல்

கணிதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதென்றால், பழைய கேள்வித்தாள்களைத் திரட்டி, அவற்றிலுள்ள கணக்குகளை வகைவகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு சூத்திரமும் ஒரு குறுக்குவழியும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மாணாக்கர் அவற்றை நெட்டுருச் செய்யும்வரை ஓயாது பயிற்றுவதே என்று கருதும் ஆசிரியர்கள் நம்மிடையே அநேகர் உளர். அவர்களுடைய சிரத்தையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அவ்வாறு பயின்ற பிள்ளை, பழகிய வகை எதிலும் சேராத கேள்வி ஒன்றைக் கண்டவுடன் பேனாவை மூடிவிட்டு மேற்கூரையைப் பார்க்கத் தொடங்குகிறது. போட்டிகளில் வரும் நல்ல கேள்விகளோ பெரும்பாலும் எந்த வகையிலும் சேராதனவாகவே இருக்கின்றன. பாடப்புத்தகக் கணக்கில் வழி முன்னமே தெரியும், விடைதான் தெரியாது. போட்டிக் கணக்கில் வழியே தெரியாது. வழி தெரியாத அந்நிலையில் கால்மணி நேரமோ அரைமணி நேரமோ அஞ்சாமலும் சலிக்காமலும் அமர்ந்திருக்கும் பழக்கத்தை உண்டாக்குவதே ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பயிற்றுநரின் முதற்காரியம். அதற்கு அவர் செய்ய வேண்டியவை இரண்டே: தக்க கணக்கைத் தேர்ந்தெடுத்தல், கொடுத்தபின் வாயைத் திறவாதிருத்தல். பின்னது முன்னதைக் காட்டிலும் கடினம் என்பதை முதல் வகுப்பிலேயே உணர்வீர்கள்.

நான் இங்கே மனத்திற்கொண்டிருப்பது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965-ல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்திவரும் தேசியக் கணிதத் திறன் போட்டி, என்.எம்.டி.சி. என்றால் பள்ளிகளில் எளிதில் விளங்கும். அதில் ஐந்து, ஆறாம் வகுப்பினருக்கான பிரிவு காஸ் பெயராலும், ஏழு, எட்டாம் வகுப்பினருக்கான பிரிவு கப்ரேக்கர் பெயராலும் வழங்குகின்றன. முதற்கட்டத் தேர்வில் சரியான விடையைத் தெரிவு செய்தலும் கோடிட்ட இடத்தை நிரப்புதலுமே உண்டு. அதில் தேறியோர் எழுதும் இறுதிக்கட்டத் தேர்விலோ, விடையை மட்டும் சொன்னால் போதாது, அது எவ்வாறு வந்தது என்பதைப் படிப்படியாக எழுதி நிறுவவும் வேண்டும். இவ்விரண்டு தேர்வுகளும் இரண்டு வேறு திறமைகளைக் கேட்பன என்பதைப் பயிற்றுநர் ஆரம்பத்திலேயே அறிந்திருத்தல் நலம்.

கப்ரேக்கரின் பெயரைச் சொன்னதும் அவரைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1905-ல் பிறந்த அவர், மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிக்கூட ஆசிரியராகவே உழைத்தவர். முதுகலைப் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ பெறாதவர். 6174 என்னும் எண்ணின் விசித்திர குணத்தை அவர் 1949-ல் அறிவித்தது நம் சென்னையில் கூடிய கணித மாநாட்டில்தான். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த விடைக்கும் அவ்வாறே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போனால், நான்கும் ஒரே இலக்கமாக இல்லாதவரை, ஏழு படிகளுக்குள் 6174 வந்து நின்றுவிடும். 3524-ஐ எடுத்தால், 5432-லிருந்து 2345 போக 3087. 8730-லிருந்து 0378 போக 8352. 8532-லிருந்து 2358 போக 6174. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டினால் அது வியக்கும். ஆனால் வியப்போடு நின்றுவிடும். ஆதலால் முதல் நாள் வகுப்புக்கு நான்கு இலக்கம் வேண்டாம், மூன்று இலக்கத்தைக் கொடுங்கள் என்பது என் யோசனை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

மூன்று இலக்கத்தில் இதே காரியத்தைச் செய்தால், மூன்றும் ஒரே இலக்கமாக இல்லாதவரை, 495 வருகிறது. 731 என்று தொடங்கினால், 731-லிருந்து 137 போக 594. 954-லிருந்து 459 போக 495. அதற்கு மேலும் 495-தான். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். விதியை மட்டும் சொல்லி, ஆளுக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளச் செய்து, நாற்காலியில் அமர்ந்துவிடுங்கள். ஐந்தாறு நிமிஷத்தில், “டீச்சர், எனக்கு 495 வந்து நின்னுடுச்சு” என்று ஒரு குரல் எழும். “எனக்கும் அதுதான்” என்று இன்னொன்று தொடரும். யாரேனும் ஒருவனுக்கு வேறு எண் வந்திருந்தால் அவன் கழித்தலில் பிழை செய்திருப்பான். அதைப் பக்கத்துப் பிள்ளையே கண்டுபிடித்துக் கொடுக்கும். இப்போது, “எல்லா எண்ணுக்கும் இப்படித்தான் வருமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சில பிள்ளைகள் வேறு எண்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்கும். சிறிது நேரம் சென்றபின், அலுத்துப்போன ஒரு குழந்தை, “999 வரைக்கும் யாரு டீச்சர் போட்டுப் பார்க்கறது?” என்று கேட்கும். பயிற்றுநர் காத்திருந்தது அந்தக் கேள்விக்காகத்தான். “எல்லாத்தையும் போடாம தப்பிக்க வழி இருக்கா, பாரு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மௌனமாகிவிடுங்கள்.

முதற் கழித்தலின் விடைகளை ஒரு பத்தியாக எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு, நடுவிலக்கம் எப்போதும் 9 என்பது தென்படும். ஏனென்றால், நடுவில் உள்ள இலக்கம் இரண்டு எண்களிலும் அதே இடத்தில் இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் 99 மடங்கு. வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். ஆகவே முதற் கழித்தலுக்குப் பின் 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891 என்னும் ஒன்பது எண்களைத் தவிர வேறெதுவும் வர இயலாது. 099-ல் முன்னிற்கும் பூஜ்யத்தை விட்டுவிடாமல் மூன்று இலக்கமாகவே கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டலாம். தொள்ளாயிரம் எண்களின் விசாரணை ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. 099 போய் 891 ஆகிறது. 891-ம் 198-ம் ஒரே இலக்கங்களை உடையனவாதலால் இரண்டும் 792-க்குச் செல்கின்றன. 792-ம் 297-ம் 693-க்கு. 693-ம் 396-ம் 594-க்கு. 594 நேராக 495-க்கு. அரைப் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு முழுமையான நிரூபணத்தை எழுதி முடித்துவிட்டது. அதன் பிறகு, “இரண்டு இலக்கத்துக்கு?” என்று யாரேனும் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அங்கே எண்கள் எதிலும் நிற்பதில்லை: 09, 81, 63, 27, 45 என்று சுற்றி மறுபடியும் 09-க்கே வந்துவிடுகின்றன. மூன்றில் நின்றது இரண்டில் நிற்கவில்லை என்று கண்ட பிள்ளை, நான்கு இலக்கத்தின் 6174-ஐ இனி வேடிக்கையாகக் கொள்ளாது, காரணம் கேட்கும்.

நல்ல கணக்கின் இலட்சணங்கள் இதிலிருந்தே புலப்படும். ஆரம்பம் எவருக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும். கழித்தல் தெரிந்தால் போதும் என்ற அளவில். நடுவில் ஒரு தடை இருக்க வேண்டும். தடையைத் தாண்டியபின் மேலும் ஒரு கேள்வி தானாகவே முளைக்க வேண்டும். வகுப்பிலுள்ள அனைவரும் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடும் கணக்கும், ஒருவரும் தொடங்கக்கூட முடியாத கணக்கும் பயிற்சிக்கு உதவா.

இனி, மௌனத்தைப் பற்றி. உபாத்தியாயத் தொழிலில் பழகியவர்களுக்கு, ஒரு குழந்தை திணறுவதைக் கண்டுகொண்டு சும்மா இருப்பதென்பது மிகுந்த பிரயாசை. வாய் தானாகத் திறந்துகொள்கிறது. பரீட்சைக்குள் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பல ஆண்டுகள் உழன்றமையால் வந்த வழக்கம் அது. ஆனால் நீங்கள் வழியைச் சொன்ன கணத்தில் அந்தக் கணக்கு உங்களுடைய கணக்காகிவிடுகிறது. குழந்தை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும், அவ்வளவே. உதவி செய்துதான் ஆகவேண்டும் என்னும் நிலை வந்தால், வழியைச் சொல்லாமல் கேள்வியைக் கேளுங்கள். “என்ன கேட்டிருக்காங்க, உன் வார்த்தையில சொல்லு” என்பது முதற் கேள்வி. திணறுகிற பிள்ளைகளிற் பலர் கணக்கைச் சரியாக வாசிக்காததனாலேயே திணறுகிறார்கள் என்பது அப்போது வெளிப்படும். “சின்ன எண்ணுக்குப் போட்டுப் பார்த்தியா?” என்பது இரண்டாவது. “எது மாறுது, எது மாறாம இருக்கு?” என்பது மூன்றாவது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா 1945-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், கணக்குப் போடுவதைக் கற்பிக்கும் கலை முழுவதையும் இத்தகைய கேள்விகளாகவே அமைத்திருக்கிறார். அவருடைய தாய்நாடு இந்த விஷயத்தில் முன்னோடி. பள்ளி மாணாக்கருக்கென்று மாதந்தோறும் கணக்குகளை வெளியிட்டு, அவர்கள் எழுதியனுப்பும் தீர்வுகளை அச்சிடும் பத்திரிகை ஒன்று அங்கே 1894-லேயே தோன்றிவிட்டது. கணக்கு மாதத்தின் தொடக்கத்தில் வரும். தீர்வு அனுப்பப் பல நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் வளர்ந்த தலைமுறைகள்தாம் ஹங்கேரிக்குக் கணிதத்தில் அத்தனை பெருமையைத் தேடித் தந்தன.

மாறாதது எது என்ற மூன்றாவது கேள்வியின் வலிமையை ஓர் உதாரணத்தால் காட்டலாம். 1 முதல் 10 வரையுள்ள எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் கூட்டற்குறியோ கழித்தற்குறியோ இட்டு, மொத்தம் பூஜ்யம் வரும்படி செய்ய முடியுமா? பிள்ளைகள் இதை விளையாட்டாகத் தொடங்குவார்கள். 1 வருகிறது, 3 வருகிறது, ஒருவனுக்குக் கழித்தல் 1 வருகிறது. பூஜ்யம் மாத்திரம் வர மாட்டேன் என்கிறது. பத்து நிமிஷம் கழித்து, இதுவரை வந்த விடைகளையெல்லாம் கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள். எல்லாம் ஒற்றைப்படை. ஏன் என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாக் குறிகளும் கூட்டலாக இருந்தால் மொத்தம் 55. ஏதேனும் ஓர் எண்ணின் குறியைக் கழித்தலாக மாற்றினால் மொத்தம் அவ்வெண்ணின் இருமடங்கு குறைகிறது, அதாவது இரட்டைப்படை அளவில் குறைகிறது. ஆகவே ஒற்றைப்படை ஒற்றைப்படையாகவே இருக்கும், பூஜ்யமோ இரட்டைப்படை. 1 முதல் 8 வரை என்று மாற்றினால் முடிகிறது: 8, 7, 3 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை 18, மற்ற ஐந்தின் கூட்டுத்தொகையும் 18. எந்தெந்த எண் வரையில் முடியும், எதில் முடியாது என்பதை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மறுவாரம் யாரேனும் ஒரு பிள்ளை நான்கின் மடங்குகளோடும் அவற்றினும் ஒன்று குறைந்த எண்களோடும் வந்து நிற்கும்.

எவரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. முதல் ரேங்க் வாங்குகிறவர்களை மட்டும் பொறுக்கிக்கொள்வது பெரும் பிசகு. பரீட்சையில் எழுபது வாங்குகிற ஒருத்தி ஒரு புதிரை விடாமல் மூன்று நாள் சுமந்து திரிபவளாக இருக்கலாம். வர விரும்புகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அவர்களே தங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். பெண் குழந்தைகளுக்கு மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை நீங்களே சொல்லி அனுமதி பெற வேண்டியிருக்கும். மாலையில் நேரங்கழித்து வருவதற்கு ஆண்பிள்ளைகளிடம் காரணம் கேளாத வீடுகள் பெண்பிள்ளைகளிடம் கேட்கின்றன.

வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் போதுமானது. அதில் பாதி நேரம் ஒரே ஒரு கணக்குக்கு. எஞ்சியதில், சென்ற வாரக் கணக்கைத் தீர்த்த பிள்ளை கரும்பலகைக்கு வந்து விளக்குவதும், மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பதும் நடக்கட்டும். வகுத்தலும் மீதியும், பகா எண்கள், மீ.பெ.வ., மீ.சி.ம., எண்ணி முடித்தல், முக்கோணங்களும் கோணங்களும், பரப்பளவு, எளிய இயற்கணிதம் ஆகியவற்றுக்குள்ளேயே இந்தப் பருவத்துப் போட்டிகள் பெரிதும் அடங்கிவிடுகின்றன; ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே புகட்டுவதனால் வரும் லாபம் சொற்பம்.

எழுதுதலுக்கு வருவோம். முதற்கட்டத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களிற் பலர் இறுதிக்கட்டத்தில் தடுமாறுவதற்குக் காரணம் அறியாமையன்று, எழுதிப் பழகாமையே. அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று நிறுவச் சொன்னால், மாணாக்கர் எழுதுவது இவ்வாறிருக்கும்: ஒன்றிலிருந்து நான்கு வரை பெருக்கி 1 கூட்டினால் 25, இரண்டிலிருந்து ஐந்து வரை, 121, மூன்றிலிருந்து ஆறு வரை, 361, ஆகவே எப்போதும் வர்க்க எண். இதைச் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணையும் 41-ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53 என்று 39 வரையில் வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும். 40-க்கு 1681 வரும், அது 41-ன் வர்க்கம். முப்பத்தொன்பது முறை உண்மையாக இருந்தது நாற்பதாவது முறை பொய்த்துப்போனதைத் தம் கையாலேயே கண்ட குழந்தைகளுக்கு, உதாரணம் வேறு, நிரூபணம் வேறு என்பதை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் 495-ல் ஒன்பது எண்களைச் சோதித்தது எப்படி நிரூபணமாயிற்று என்று சாமர்த்தியசாலி ஒருவன் மடக்குவான். அங்கே மொத்தமே ஒன்பதுதான் என்பதை முதலில் காட்டினோம், இங்கே எண்களுக்கு முடிவில்லை என்று அவனையே சொல்ல வைக்கலாம்.

நான்கு எண்களுக்கான தீர்வு வருமாறு. எண்களை அ, அ+1, அ+2, அ+3 எனக் கொள்க. முதலதையும் கடைசியதையும் பெருக்க, அ²+3அ. நடுவிரண்டையும் பெருக்க, அ²+3அ+2. இரண்டுக்கும் நடுவேயுள்ள அ²+3அ+1 என்பதை ம எனக் குறித்தால், பெருக்குத்தொகை (ம−1)(ம+1), அதாவது ம²−1. ஒன்றைக் கூட்ட, ம². முதலையும் கடையையும் ஜோடி சேர்க்கும் யுக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு 25, 121, 361 ஆகியவற்றின் மூலங்களான 5, 11, 19-ஐத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 என்பது ஒன்றையும் நான்கையும் பெருக்கி ஒன்று கூட்டியது, 11 என்பது இரண்டையும் ஐந்தையும் பெருக்கி ஒன்று கூட்டியது, 19-ம் அவ்வாறே. நாம் ஒதுக்கிவைத்த உதாரணங்களுக்குள்ளேயே வழி இருந்தது.

எழுதிய தீர்வை ஆசிரியர் திருத்துவதைவிட, கணக்கை அறியாத இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது மேல். அது எங்கே நின்று “இது எப்படி வந்துச்சு?” என்று கேட்கிறதோ அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

வேகத்தைப் பற்றிப் பெற்றோர் ஓயாது கேட்பார்கள். அமெரிக்காவில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்பினருக்காக நடக்கும் மேத்கவுண்ட்ஸ் போட்டியின் முதற் சுற்றில் 40 நிமிஷத்தில் 30 கணக்குகள் உண்டு. அதற்குத் தயார் செய்கிறவர்கள் கடிகாரத்தை வைத்துப் பயிற்றுவதில் நியாயம் இருக்கிறது. நமது போட்டியின் முதற்கட்டத்துக்கும் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் பழைய தாள்களை நேரம் குறித்து எழுதவைப்பது அவசியமே. அதற்கு முன்னால் வேண்டாம். வேத கணிதம் என்றும் அபாகஸ் என்றும் விளம்பரம் செய்து, நான்கிலக்க எண்களை மனத்துக்குள் பெருக்கக் கற்பித்துக் கட்டணம் வாங்குவோரிடம் பிள்ளையை அனுப்புவதால் பெருக்கல் விரைவாக வரலாம். மேலே கண்ட மூன்று கணக்குகளில் ஒன்றைக்கூட அந்தப் பெருக்கல் தீர்த்துத் தராது.

தேர்வு எழுதி வந்த அன்று மதிப்பெண் கணக்குப் போடுவதை நிறுத்திவையுங்கள். அந்த வாரத்து வகுப்பில், விட்டுவந்த கேள்வி ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டு அதை முடிக்கட்டும். பட்டியலில் பெயர் வராத பிள்ளைகள் அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவது வழக்கமாகையால், முடிவு வெளியான மறுநாளே அவர்களை நீங்களே தேடிச் சென்று அழைக்க வேண்டும். தேறியவர்களுக்குப் பாராட்டுக்கூட்டம் நடத்துவது அதற்குப் பிந்திய வேலை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த வகுப்புக்குப் பெருஞ்செலவு எதுவும் கிடையாது; ஓர் அறை, ஒரு கரும்பலகை, வெள்ளிக்கிழமை மாலையில் ஒன்றரை மணி நேரம், அந்த நேரத்தில் வேறு வேலை சுமத்தப்படாத ஓர் ஆசிரியர், இவ்வளவே. வரும் ஜூன் மாதத்து நேர அட்டவணையிலேயே அதை எழுதிவிடுங்கள்; எத்தனை பேர் போட்டியில் தேறினார்கள் என்று முதல் இரண்டு ஆண்டுகள் அந்த ஆசிரியரைக் கேட்காதிருங்கள்.